தானே அணையும் கணினியும் காரணம் காணும் நெறியும்

காரியம் ஒன்று கண்ணெதிரே நிகழுமிடத்து அதன் காரணம் யாது என வினாவுதல் மக்கட்கு இயல்பு. வினாவுதல் எளிது, விடை வருமளவும் பொறுத்திருந்து தேடுதலே அரிது. தேடும் பொறுமை இல்லாதவிடத்து முதலில் தோன்றிய எண்ணமே முடிந்த முடிபாகிவிடுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டவல்ல எடுத்துக்காட்டொன்று கல்லூரிகளின் கணினிக் கூடங்களிலேயே உண்டு. பழைய உறுப்புக்களைக் கொண்டு மீளப் பூட்டப்பட்டு, சில நாள் நன்கியங்கி, பின் எவரும் எதிர்பாராத வேளையில் தானே அணைந்துவிடும் கணினியே அது.

ஒன்றின் பெட்டி, மற்றொன்றின் தாய்ப்பலகை, வேறொன்றின் வன்தட்டு என மூன்று நான்கு கணினிகளின் எச்சங்களைச் சேர்த்து ஒன்றை உருவாக்குதல் பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் அவ்வாறு உருவான கணினி பாடவேளையின் நடுவே அணைந்துவிடின், பாடம் தடைப்படுகின்றது. மாணவன் சேமியாதிருந்த செயற்றிட்டம் அழிகின்றது. அதன்பின் தொடங்குவது ஐயப்பாட்டின் ஆட்சி. முதலில் வலுவழங்கி குற்றவாளியாகின்றது, அடுத்து நினைவகம், ஈற்றில் அதனைப் பூட்டிய மாணவன். ஒவ்வோர் ஐயத்திற்கும் ஓர் உறுப்பு விலைக்கு வாங்கப்படுகின்றது, குற்றமோ நீங்குவதில்லை. ஆதலின் இங்கே ஆராயப்படுவது ஒரு யந்திரத்தின் கோளாறு மட்டுமன்று. பணமும் உழைப்பும் ஒருவனது நற்பெயரும் இதில் அடங்கியுள்ளன.

அளவை மூன்று

பொருள்களின் உண்மையை அறிதற்குரிய கருவிகளை அளவை என்பர் நம் முன்னோர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகள் பலவாகக் கூறப்படினும் அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென வரையறுக்கின்றது. இறையும் உயிரும் பற்றிய ஆராய்ச்சிக்கென வகுக்கப்பட்ட இந்நெறி, மேசைமேலுள்ள யந்திரத்தை ஆராய்தற்கும் இயைபுடையதே. அணைதல் எவ்வாறு, எப்பொழுது நிகழ்கின்றது என்பதனைக் கண்ணாற் காண்பது காட்சி. யந்திரம் தானே எழுதிவைத்த பதிவும், அதனை ஆக்கியோர் தந்த கைநூலும், உறுப்பின்மேல் ஒட்டப்பட்ட அளவுச் சீட்டும் உரை. இவ்விரண்டையும் துணைக்கொண்டு மறைந்துநிற்கும் காரணத்தைத் துணிவது கருதல்.

இம்மூன்றும் முறைபிறழாது வருதல் வேண்டும். காட்சியும் உரையும் நிரம்புமுன் கருதலுக்கு விரைபவன், கயிற்றைப் பாம்பென மயங்குவான். கணினிக் கூடங்களில் வீணாகும் பொருளிற் பெரும்பகுதி இம்மயக்கத்தின் விலையேயாம்.

அணையும் வகைகள்

‘கணினி நின்றுவிட்டது’ என்னும் ஒரு தொடராற் குறிக்கப்படுவன உண்மையில் நான்கு வேறு நிகழ்ச்சிகள். முதலாவது, திரையும் விசிறிகளும் விளக்குகளும் ஒருங்கே ஒரு கணத்தில் ஓய்ந்துவிடுதல். இரண்டாவது, ஓய்ந்தவுடன் தானே மீண்டும் தொடங்குதல். மூன்றாவது, விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கவே திரை உறைந்து நிற்றல் அல்லது பிழைச்செய்தியோடு நீலமாதல். நான்காவது, பயனர் கட்டளையிட்டாற்போல ஒழுங்காகக் கோப்புக்களை மூடி அணைதல்.

இவற்றுள் முதலாவது பெரும்பாலும் வலுவழங்கியையோ, வெப்பக் காவலையோ, குறுஞ்சுற்றையோ சுட்டும். மூன்றாவது நினைவகத்தையும் மென்பொருளையும் வன்தட்டையும் நோக்கி வழிகாட்டும். நான்காவது பெரிதும் மென்பொருளின் செயல். குறித்த நேரத்தில் அணையுமாறு எவரோ இட்ட கட்டளை அங்கே மறந்துபோயிருக்கலாம். இரண்டாவதில் எச்சரிக்கை வேண்டும். விண்டோஸ் முறைமை, பெரும்பிழை நேர்ந்தவுடன் தானே மீளத்தொடங்குமாறு இயல்பாக அமைக்கப்பட்டிருத்தலின், மூன்றாம் வகை இரண்டாம் வகைபோலத் தோன்றும். அவ்வமைப்பை முதலில் நீக்கிவிடின், மறைந்த பிழைச்செய்தி திரையில் நின்று தன்னை வெளிப்படுத்தும்.

வகையை அடுத்து நோக்கத்தக்கது காலம். தொடக்கிய நான்கைந்து செக்கனில் அணைகின்றதா, அரைமணி நேரத்தின் பின்னா? பணியின்றி இருக்கும்போதா, பெருங்கணிப்புச் செய்யும்போதா? மேசை அசையும்போதா, அருகில் குளிரூட்டியோ நீரிறைக்கும் மோட்டரோ தொடங்கும்போதா? அணைந்தவுடன் மீளத்தொடக்கின் முன்னரினும் விரைவாக அணைகின்றதா? இவற்றை நாளும் நேரமும் இட்டு ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வேண்டும். நினைவிலிருந்து கூறுபவர், தாம் முன்னரே கொண்ட ஐயத்திற்கு இசைந்தவற்றை மட்டுமே நினைவுகூர்வர். கொப்பிக்கு அக்குறை இல்லை.

யந்திரத்தின் உரை

விண்டோஸ் முறைமை தன்கண் நிகழ்வனவற்றைக் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவேடு ஒன்றை உடையது. ஒழுங்காக அணைக்கப்படின், யாரால் அல்லது எந்த மென்பொருளால் என்பது 1074 என்னும் எண்ணோடு பதியப்படும். எதிர்பாராது நின்றிருப்பின், அடுத்த முறை தொடங்கும்போது 6008 என்னும் எண்ணும் 41 என்னும் எண்ணும் காணப்படும்.

இவற்றுள் 41 பற்றிய மயக்கம் பெரிது. அப்பதிவின் தலைப்பில் வலு என்னும் பொருள்படும் சொல் வருதலைக் கண்டு, வலுவழங்கியே கெட்டதென யந்திரமே சாட்சி கூறிவிட்டதாகப் பலர் கொள்கின்றனர். அப்பதிவின் பொருள் அதுவன்று. முன்னைய முறை ஒழுங்காக மூடப்படாமல் முறைமை மீளத்தொடங்கியது என்பதே அதன் பொருள். வெப்பத்தால் அணைந்தாலும், மின்வெட்டு நேர்ந்தாலும், ஒருவர் செருகியைப் பிடுங்கினாலும் அதே பதிவு தோன்றும். உரையளவையைக் கொள்ளும்போது உரை கூறியது இது, கூறாதது இது என வரையறுத்துக் கொள்ளுதல் இன்றியமையாதது. எனினும் 1074 இன்மையும் 41 உண்மையும் சேர்ந்து ஒன்றைத் தெளிவாக்குகின்றன: அணைதல் ஒழுங்கான அணைப்புக் கட்டளையின் வழியாக வரவில்லை.

வலுவின் வழி

இனி, காரணங்கள் ஒவ்வொன்றும் எவ்வாறு அணைதலை விளைக்கின்றன என்பது அறியத்தக்கது. வீட்டுச் சுவரில் வரும் மின் 230 வோல்ற்று, 50 ஹேர்ற்சு ஆடலோட்டம். கடைவீதியில் பவர் சப்ளை எனப்படும் வலுவழங்கி, அதனை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றித் தருகின்றது. இன்ரெல் நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் வகுத்த ஏரிஎக்ஸ் நியமத்தின் வழிவந்த வழங்கிகளில் இம்மூன்று அழுத்தங்களும் நூற்றுக்கு 5 இற்கு மேல் வழுவலாகாது. அஃதாவது 12 வோல்ற்று 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையிலும், 5 வோல்ற்று 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையிலும் நிற்றல் வேண்டும். பல்மானி கொண்டு இதனை அளக்கலாம். ஆனால் யந்திரம் கடும்பணி செய்துகொண்டிருக்கும்போதே அளத்தல் வேண்டும். சுமையற்றபோது நேர்மையாக நிற்கும் வழங்கி, சுமையேறியவுடன் சாய்வதுண்டு.

அழுத்தங்கள் யாவும் அளவினுள் நிற்கும் வரை வழங்கி ஒரு தனிக் கம்பியின் வழியாகத் தாய்ப்பலகைக்கு ‘நலம்’ என அறிவித்துக்கொண்டேயிருக்கும். அவ்வறிவிப்பு நின்ற கணமே செயலியின் இயக்கமும் நிறுத்தப்படும். மேலும், மிகையோட்டமோ குறுஞ்சுற்றோ நேரின் வழங்கி தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். அவ்வாறு பூட்டிக்கொண்ட வழங்கியுடைய கணினி பெரும்பாலும் பொத்தானை அழுத்தியவுடன் விழிப்பதில்லை. சுவர்ச் செருகியைச் சிறிது நேரம் நீக்கி மீளச் செருகியபின்னரே விழிக்கும். இஃது ஓர் அரிய குறி.

பழைய வழங்கியைப் புதிய தாய்ப்பலகையோடு சேர்ப்போர் அளவுச் சீட்டின் முதல் எண்ணை மட்டும் நோக்கி ஏமாறுவர். சீட்டில் 400 வாற்று என்றிருக்கலாம். ஆனால் அதன் 12 வோல்ற்று வரி 18 அம்பியரே எனின், அவ்வரி தாங்குவது 12 பெருக்கல் 18, அஃதாவது 216 வாற்று மாத்திரமே. இக்காலச் செயலியும் வரைவியல் அட்டையும் தம் வலுவைப் பெரும்பாலும் 12 வோல்ற்று வரியிலிருந்தே பெறுவன. செயலிக்கு 95 வாற்றும் அட்டைக்கு 150 வாற்றும் வேண்டுமெனின் மொத்தம் 245 வாற்று. வேண்டும் ஓட்டம் 20 அம்பியருக்கு மேல். ஆகவே 400 வாற்று வழங்கி 245 வாற்றுச் சுமையின்கீழ் அணைந்துபோதல் வியப்பன்று. தட்டச்சு செய்யும்போது நன்கியங்கிப் படக்காட்சியும் விளையாட்டும் தொடங்கியவுடன் ஓய்வதற்கு இஃதொரு காரணம்.

சுவரின் மின்னும் குற்றமுடையதாயிருக்கலாம். சுவர் மின் தடைப்படின் சுமையேற்ற வழங்கி தாக்குப்பிடிக்கும் காலம் ஏறக்குறைய 16 மில்லிசெக்கன் என்பது அந்நியமத்தில் நெடுங்காலம் இருந்த அளவு. 50 ஹேர்ற்சு ஆடலோட்டத்தின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன் செல்லும். ஆகவே விளக்குக் கண்சிமிட்டும் அளவான தளர்ச்சியே கணினியை அணைக்கப் போதியது. அணைந்த கணத்தில் அறையின் விளக்கு மங்கியதா, அடுத்த மேசைக் கணினியும் அணைந்ததா என்பன கேட்கத்தக்க வினாக்கள்.

பழைய உறுப்புக்களில் மற்றுமொரு குறை உண்டு. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரையான காலத்தில் ஆக்கப்பட்ட தாய்ப்பலகைகளும் வழங்கிகளும் பலவற்றில், தரங்குறைந்த மின்பகு திரவம் கொண்ட கொள்ளளவிகள் இடம்பெற்றன. அவற்றின் உள்ளே வாயு உண்டாகி, தலை உப்பி, சிலவேளை வெடித்துக் கசியும். நல்ல கொள்ளளவியின் தலை தட்டையாயிருக்கும். உப்பிய தலையோ பழுப்புக் கசிவோ காணப்படின் அப்பலகையை நம்பலாகாது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் இவ்வகைக் கொள்ளளவியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுவிதி.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வழங்கியின் உலோகப் பெட்டியை மாணவர் எவரும் திறத்தல் கூடாது. 230 வோல்ற்று ஆடலோட்டம் நேராக்கப்படுமிடத்து அதன் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ற்று; செருகியைப் பிடுங்கிய பின்னும் அம்மின் உள்ளிருக்கும் பெருங்கொள்ளளவிகளில் தேங்கி நிற்கக்கூடும். வழங்கியை வெளியிலிருந்து அளக்கலாம், மாற்றிப் பார்க்கலாம். திறந்து பார்த்தல் உயிரோடு விளையாடுதலாகும்.

வெப்பத்தின் காவல்

செயலி உண்ணும் வலு முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. 95 வாற்றுச் செயலி என்பது, தீப்பெட்டியளவான இடத்தில் ஒரு பெரிய மின்குமிழின் சூட்டை வைத்தாற்போன்றது. அச்சூட்டை அகற்றுவது அதன்மேல் அமர்ந்த வெப்பமகற்றியும் விசிறியும். செயலியின் முகமும் அகற்றியின் அடியும் கண்ணுக்கு ஒப்பரவாகத் தோன்றினும், அவற்றிடையே நுண்ணிய காற்றிடைவெளிகள் உள்ளன. காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். செம்பு காற்றினும் பல்லாயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். அவ்விடைவெளிகளை நிரப்பற்கே வெப்பப்பசை இடப்படுகின்றது. அகற்றியை ஒருமுறை கழற்றியபின், உலர்ந்த பழம்பசையின் மேலேயே மீளப் பொருத்துதல் மீளப்பூட்டுவோர் செய்யும் பெரும்பிழைகளுள் ஒன்று.

2001 ஆம் ஆண்டில் படமாக்கப்பட்டுப் பலராலும் பார்க்கப்பட்ட சோதனை ஒன்றில், இயங்கிக்கொண்டிருந்த செயலிகளின் மேலிருந்து அகற்றிகள் எடுக்கப்பட்டன. அக்காலத்து ஏஎம்டி அத்லோன் செயலி கணப்பொழுதிற் கருகியது. இன்ரெல் பென்ரியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. இக்காலச் செயலிகள் யாவும் இத்தகைய காவலை உடையன. பலவற்றில் 100 பாகை செல்சியசை அண்மிக்கும்போது வேகம் தானே குறையும். அதனையும் மீறின் வலு முற்றாக அறுக்கப்படும். பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றில், இன்ன வெப்பநிலையில் அணைக்க என வரம்பிடும் வசதி அமைப்புத் திரையிலேயே உண்டு.

இதனால் விளங்குவது யாது? கணினி தானே அணைதல் நோயன்று, நோயின் குறி. அதனினும் மேலாக, அது ஒரு காவலின் கடமை. காவலன் கூவியதற்காகக் காவலனைக் குறைகூறுவார் இலர். ஆயினும் அமைப்புத் திரையிற் சென்று அவ்வரம்பை உயர்த்தியும் நீக்கியும் ‘குணப்படுத்துவோர்’ உளர். அவர் செய்வது கூவும் காவலனின் வாயைக் கட்டுதலாகும்.

வெப்பக் காரணத்திற்குரிய குறி, முன்னர்க் கூறிய காலவேறுபாடே. அணைந்தவுடன் தொடக்கின் முன்னரினும் விரைவில் அணையும். அரைமணி நேரம் ஆறவிட்டுத் தொடக்கின் நெடுநேரம் இயங்கும். அறையின் வெப்பநிலையையும் எண்ணுதல் வேண்டும். 20 பாகை அறையில் 75 பாகையில் நிற்கும் செயலி, 32 பாகையுள்ள அறையில் 87 பாகையை அண்மிக்கும். குளிர்நாட்டு அறையில் குறைகாட்டாத கணினி, பங்குனி மாதத்து யாழ்ப்பாணத்துப் பிற்பகலில் குறைகாட்டுதல் இயல்பே.

பூட்டிய கையின் பிழைகள்

நெடுநாள் நன்கியங்கிய கணினி திடீரெனக் கெடின் உறுப்புத் தேய்வையே முதலில் ஐயுறுதல் தகும். மீளப்பூட்டிய உடனே கெடின், பூட்டிய செயலையே முதலில் ஐயுறுதல் தகும். இது பூட்டியவனைப் பழித்தலன்று. எங்கே மாற்றம் நிகழ்ந்ததோ அங்கே தேடுக என்னும் விதியின் வழிநிற்றலேயாம். பணமின்றித் திருத்தத்தக்க பிழைகளும் இவ்விடத்திலேயே மிகுதி.

தாய்ப்பலகை உலோகப் பெட்டியைத் தொடாதிருக்கப் பித்தளைத் தாங்கிகள் மேல் நிறுத்தப்படும். பெட்டியை மாற்றும்போது, பலகையின் துளைக்கு நேரில்லாத இடத்தில் ஒரு தாங்கி மிகையாக நின்றுவிடின், அது பலகையின் அடியைத் தொட்டுக் குறுஞ்சுற்றை உண்டாக்கும். மேசை அசைந்தபோது மட்டும் அணையும் கணினியில் இதனைத் தேடுக. செயலிக்கென வரும் தனி 12 வோல்ற்று இணைப்பு அரைகுறையாகச் செருகப்பட்டிருக்கலாம். நினைவக அட்டையின் ஒரு முனை கொளுவியில் விழாதிருக்கலாம். அதன் பொன்னிறத் தொடுகைகளில் தூசு படிந்திருக்கலாம்.

இன்னொன்று பலராலும் எண்ணப்படாதது: பெட்டியின் முகப்பிலுள்ள தொடக்கப் பொத்தான். இயங்கும் கணினியில் அப்பொத்தானை நான்கு செக்கனுக்கு மேல் அழுத்திப் பிடிப்பின் கணினி வலிந்து அணைக்கப்படும். பழைய பெட்டியின் பொத்தான் உள்ளே சிக்கி நின்றுவிடின், ஒவ்வொரு முறையும் தொடங்கிய சில செக்கனில் கணினி அணையும். பொத்தானின் கம்பியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, அவ்விரு முனைகளையும் ஒரு கணம் திருகாணி முடுக்கியால் தொட்டுத் தொடக்கிப் பார்ப்பின் உண்மை வெளிப்படும். ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் தாய்ப்பலகையையே மாற்றியோர் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

இக்கருத்துக்களை விளக்கக் கற்பித்துக்கொண்ட நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம். ஒரு கணினியின் உறுப்புக்கள் யாவும் வேறொரு பெட்டிக்கு மாற்றப்பட்டன. அதன்பின், படக்காட்சி ஓட்டும்போது ஏறக்குறைய 25 நிமிடத்தில் அது முற்றாக அணைகின்றது. பதிவேட்டில் 41 மட்டுமே உண்டு. வலுவழங்கி பழையது, ஆதலின் அதுவே காரணமெனத் துணிந்து புதியது வாங்கி மாற்றினர். இரண்டு நாள் அணையவில்லை. ‘வழங்கியே குற்றவாளி’ என்பது முடிபாயிற்று. மூன்றாம் நாள் பெட்டியின் பக்கத் தகட்டை மூடி உரிய இடத்தில் வைத்தனர். அன்றே அணைந்தது.

இங்கே நேர்ந்த தவறு யாது? வழங்கியை மாற்றியபோது அவர்கள் மாற்றியது ஒன்றன்று, இரண்டு. பக்கத் தகடும் அவ்விரு நாளும் திறந்தே கிடந்தது. காரியம் நீங்கியதற்கு இரண்டில் எது காரணம் என்பது அறியப்படாமலேயே முடிபு கூறப்பட்டது.

தருக்க நூலார் புகையைக்கொண்டு நெருப்பைத் துணியும்போது ஒரு சான்றோடு அமைவதில்லை. புகையுள்ள இடத்தில் நெருப்பும் உண்டு, அடுக்களைபோல என உடன்பாட்டாற் காட்டுவர். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, மடுவைப்போல என எதிர்மறையாலும் காட்டுவர். இரண்டும் ஒத்தவிடத்தே துணிபு பிறக்கின்றது. அந்நெறிப்படி இக்கணினிக்கு நான்கு சோதனைகள் வேண்டும்: பழைய வழங்கி, தகடு மூடியது, பழைய வழங்கி, தகடு திறந்தது, புதிய வழங்கி, தகடு மூடியது, புதிய வழங்கி, தகடு திறந்தது. நான்கிலும் ஒரே படக்காட்சியை ஒரே கால அளவுக்கு ஓட்டுதல் வேண்டும். மூடிய இரண்டிலும் அணைந்தது. திறந்த இரண்டிலும் அணையவில்லை. ஆகவே அணைதல் மூடுதலைத் தொடர்கின்றது, வழங்கியைத் தொடரவில்லை. பழைய வழங்கி குற்றமற்றது என்பது இவ்வாறே நிலைநாட்டப்படும்.

மூடுதலைத் தொடர்வது வெப்பம். அமைப்புத் திரையில் வரம்பு 90 பாகை எனக் குறிக்கப்பட்டிருக்கின்றது. தகடு திறந்தபோது கடும்பணியில் செயலி 85 பாகை. மூடியபோது உயர்ந்து 90 ஐத் தொட்டவுடன் அணைகின்றது. விசிறி உரிய வேகத்திற் சுழல்கின்றது, தூசும் இல்லை. எனின் குறை விசிறியில் இல்லை. செயலிக்கும் அகற்றிக்கும் இடையேயுள்ள தொடுகையில் இருத்தல் வேண்டும். கழற்றிப் பார்க்க, அகற்றியைப் பலகையோடு பிணைக்கும் நான்கு நெகிழிக் கொளுவிகளுள் ஒன்று முற்றாக உள்ளே செல்லாமல் நின்றதும், பசை ஒரு பக்கத்தில் மட்டுமே படிந்திருந்ததும் புலனாகின்றன. பழம்பசையை மதுசாரத்தால் துடைத்து, பயறளவு புதுப்பசை இட்டு, கொளுவிகளை எதிரெதிர் மூலையாக அழுத்தி, பலகையின் மறுபுறத்தில் நான்கு முனைகளும் வெளிப்பட்டுள்ளனவா என நோக்கிப் பொருத்தவே, தகடு மூடியபோதும் கடும்பணியில் வெப்பநிலை 68 பாகையைத் தாண்டவில்லை.

செலவு ஒரு துளி பசை. முன்னர் வாங்கிய புதிய வழங்கியின் விலையோ, ஆராயாமற் கூறிய முடிபின் தண்டம்.

செய்முறை ஒழுங்கு

மேற்கூறியவற்றால் துணியப்படும் ஒழுங்கு சுருக்கமாக இது. எச்சோதனைக்கும் முன்னர், வன்தட்டிலுள்ள மாணவர் ஆக்கங்களை வேறொரு சேமிப்பகத்திற்குப் படியெடுத்தல் வேண்டும். ஒவ்வோர் எதிர்பாராத அணைதலும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பொன்றைச் சிதைக்கக்கூடும். அடுத்து, அணையும் வகையையும் காலத்தையும் கொப்பியிற் குறித்தல், பதிவேட்டைப் படித்தல். பின்னர், செருகியை நீக்கிவிட்டுச் செலவில்லாத சோதனைகளைச் செய்தல்: இணைப்புக்கள், தாங்கிகள், நினைவக அட்டைகள், பொத்தான், தூசு, கொள்ளளவியின் தலை. அதன்பின் வெப்பநிலையையும் அழுத்தங்களையும் சுமையின்கீழ் அளத்தல். நினைவகத்தை, அதற்கென அமைந்த சோதனை மென்பொருளால் ஓரிரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தல். அட்டை இரண்டாயின் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தல்.

இவற்றின் பின்னும் விடை கிடையாவிடின், இன்றியமையாத உறுப்புக்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கழற்றிவிடுதல் வேண்டும். தாய்ப்பலகையைப் பெட்டியினின்றும் வெளியே எடுத்து, மரமேசையில் ஒரு மட்டையின்மேல் வைத்து இயக்குதலும் நன்று. அவ்வாறு நன்கியங்கின், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மீளச் சேர்த்துக்கொண்டு வருக. எதனைச் சேர்த்தபோது குற்றம் மீண்டதோ அதன்கண் ஐயம் நிலைகொள்ளும். விலை கொடுத்து உறுப்பு வாங்குதல் இவையனைத்திற்கும் பிந்தியது. வேறொரு நற்கணினியிலிருந்து இரவல் பெற்ற உறுப்பால் ஐயத்தை உறுதிசெய்து, ஐயத்திற்குரிய பழைய உறுப்பை மீள இட்டபோது குற்றமும் மீள்கின்றதா எனக் கண்ட பின்னரே அதனை வாங்குதல் தகும். குணமாயிற்று என்பதற்கும் அளவுண்டு. 25 நிமிடத்தில் அணைந்த கணினி ஒரு மணி நேரம் இயங்கியது என்பது நம்பிக்கை தரும் செய்தி. வாரத்தில் ஒருமுறை அணைந்த கணினி ஒரு நாள் இயங்கியது என்பது செய்தியே அன்று. குற்றம் தோன்றுதற்கு முன்னர் எத்துணைக் காலம் சென்றதோ, அதனிற் பன்மடங்கு காலம் அதே பணியை அதே நிலையிற் செய்வித்துப் பார்த்தல் வேண்டும்.

முடிபு

கணினியைக் கற்பிக்கும் கூடங்களில் பெரும்பாலும் நன்கியங்கும் கணினிகளே விரும்பப்படுகின்றன. ஆயினும் தானே அணையும் கணினி ஒன்றை ஒரு மேசையில் வைத்து, ஒரு கொப்பியும் ஒரு பல்மானியும் கொடுத்து, ஒருமுறையில் ஒன்றையே மாற்றுக என்னும் ஒரு விதியையும் விதித்துவிடின், மாணவர் கற்பது வன்பொருள் மாத்திரமாகாது. கண்டது எது, கேட்டது எது, தாமே கருதிக்கொண்டது எது எனப் பகுத்துணரப் பழகுவர். சான்று நிரம்புமுன் ஓர் உறுப்பைப் பழிக்க நாணுபவன், சான்று நிரம்புமுன் ஒரு மனிதனைப் பழிக்கவும் நாணுவான். அந்நாணம் கைவரப்பெற்ற மாணவன் எத்துறைக்குச் செல்லினும் அத்துறைக்கு அணியாவான்.